மங்காத விளக்குகள்

விளக்கு மங்குகிறது என்று புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, சுவரில் இருக்கும் திருகை யாராவது தொட்டீர்களா என்பதைத்தான். திருகினால் மங்கும் எல்.இ.டி. விளக்குகள் அவை. மங்குவது அவற்றின் வேலை. யாரும் சொல்லாமல் தானாக மங்கினால் மட்டுமே அது புகார்.

யாரும் தொடவில்லை என்றார்கள்.

அந்த விளக்குகளுக்குள் இருக்கும் சர்க்யூட்டை வரைவது என் தொழில். வீட்டுக்கு வரும் மின்சாரத்தை வாங்கி, எல்.இ.டி. தாங்குகிற அளவுக்குக் குறைத்து, சீராகக் கொடுக்கிற சின்னப் பலகை. டிரைவர் என்று சொல்வோம். பெங்களூரில் ஒரு கம்பெனியில் பல வருடம் இதையே செய்தேன். வெளிநாட்டுப் பலகைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, எங்களுடையதைவிட மலிவாக விற்கத் தொடங்கியதும் எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். கும்பகோணத்துக்குத் திரும்பி வந்து, வீட்டு மாடியில் மேசை போட்டேன். தஞ்சாவூரில் விளக்கு தயாரிக்கும் ஒரு சிறு பட்டறைக்கு வரைந்து கொடுத்தேன். புகார் வந்த வீட்டின் விளக்குகள் அந்தப் பட்டறையில் செய்தவை. உள்ளே இருந்தது என் டிரைவர்.

கண்ணால் பார்க்காத எந்தப் புகாரையும் நான் நம்புவதில்லை. மீட்டரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

வலங்கைமான் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்த ஊர். தெருவில் பாதி வீடுகளின் ஆண்கள் சபரில் இருந்தார்கள். வெளிநாட்டு வேலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் போன வீட்டின் மகன் வளைகுடாவில் உயரமான கட்டடங்களுக்கு ஏ.சி. பராமரிக்கிறவர். வீட்டில் அவருடைய மனைவியும் உம்மாவும் தங்கையும் இருந்தார்கள். அங்கே பார்த்த ஹோட்டல் ஒன்றைப் போலத் தன் வீட்டு ஹாலும் இருக்க வேண்டும் என்று அவர் கூரையில் நாற்பது விளக்குகளைப் பதிக்கச் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே ஒரு திருகு.

அக்னி நட்சத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குடமுருட்டி ஆற்றில் மணல்தான் இருந்தது. வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

அந்த உம்மா முன்னறையில் நைட்டியும் சேலையும் வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் யார் என்று தெரிந்ததும் துணியை மடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்:

"குண்டு பல்பு போட்டிருந்த காலத்துல அது பாட்டுக்கு எரிஞ்சிச்சு. ஒங்க பல்பு ஒளிஞ்சு பிடிச்சு வெளையாடுது, இன்ஜினியரம்மா."

மருமகள் சிரிப்பை மறைத்துக்கொண்டு என்னை ஹாலுக்கு அழைத்துப் போனார். பத்து நிமிடம் காத்திருந்தோம். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமியபடி ஓட ஆரம்பித்தது. கூரையில் நாற்பது விளக்குகளும் ஒரே நேரத்தில் இறங்கின, யாரோ திருகைத் திருப்பியதுபோல. பிறகு மெல்ல ஏறின, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை.

பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நூற்று எழுபது. ஃப்ரிட்ஜ் ஓடும்போது அதற்கும் கீழே.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். போன கோடையிலும் இப்படித்தான் இருந்தது என்றார் மருமகள். ஆற்றில் தண்ணீர் வந்ததும் தானாகச் சரியாகிவிட்டதாம். எனக்கு அது தெளிவான பதிலாகப் பட்டது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாதபோது சுற்றுவட்டாரத்தில் எல்லா போர்செட்டும் ஓடும், வோல்டேஜ் இறங்கும். டெல்டாவில் எல்லோரிடமும் தயாராக இருக்கும் விளக்கம் அது. நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

தேநீர் குடிக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா ரவிக்கைத் துணி பார்க்க வந்தார். அவர்கள் வயல் வைத்திருப்பவர்கள், மகன் சிங்கப்பூரில். அவர் முகம் வாடியிருந்தது. முந்தின நாள் அவருடைய வெள்ளாடு கொல்லையில் செத்துக் கிடந்ததாம். பூச்சி கடித்திருக்கும் என்றார்கள். பாம்பை அங்கே பெயர் சொல்வதில்லை. கடிவாய் எதுவும் தெரியவில்லை என்று அவர் இரண்டு முறை சொன்னார். அந்த உம்மா ஆறுதலாகத் துணி விலையில் கொஞ்சம் குறைத்தார்.

கொல்லைப்பக்கம் மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்ததைப் பிறகு பார்த்தேன். போர் பைப்பிலிருந்து வரும் இரும்புக் குழாய், அதன் முனையில் பித்தளைத் திருகு, கீழே சிமென்ட் தளம். தளத்தின் மேல் ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன் மேல் நின்றிருந்தார். பாசி வழுக்காமல் இருக்கப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தளத்தில் பாசி இல்லை. அதையும் பார்த்தேன்.

மாடிக்குத் திரும்பி மேசையில் உட்கார்ந்தேன். வேலை எனக்குப் பிடித்த மாதிரியானது.

சுவரில் உள்ள திருகு மின்சாரத்தின் அலையை ஓர் இடத்தில் வெட்டுகிறது. அதிகம் வெட்டினால் மங்கு, குறைவாக வெட்டினால் பிரகாசி. டிரைவர் அந்தக் கட்டளையைப் படிக்க வேண்டும். என் பழைய சர்க்யூட் அலையின் மொத்தச் சராசரியைப் பார்த்து முடிவெடுத்தது. அலை வெட்டுப்பட்டாலும் சராசரி குறையும், அலையின் உயரமே குறைந்தாலும் சராசரி குறையும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல், வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் யாரோ மங்கச் சொல்கிறார்கள் என்று அது எடுத்துக்கொண்டது.

புதியதில் அலை எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும்படி செய்தேன். உயரத்தைக் கண்டுகொள்ளாதே. வோல்டேஜ் பாதியாக விழுந்தாலும் எல்.இ.டி.க்குப் போகும் வெளிச்சம் குறையக் கூடாது. வோல்டேஜ் குறையும்போது அதே வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டுமானால் கரண்ட்டை அதிகமாக இழுக்க வேண்டும். இழுக்கட்டும் என்று விட்டேன். எல்லா நல்ல டிரைவரும் அப்படித்தான் செய்யும். மேசையில் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தேன். விளக்கு அசையவே இல்லை. கீழே போய்க் காப்பி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி ஏறி வந்து பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாற்பது பலகைகளும் தயாரானதும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஊர் வயரிங்காரர் ஏணியில் ஏறி ஒவ்வொரு விளக்காக இறக்கித் தர, நான் டிரைவரை மாற்றிக் கொடுத்தேன். முடித்துப் போட்டதும் ஹால் வெள்ளையாக நின்றது. ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. எல்லோரும் கூரையைப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மருமகள் போனில் கணவருக்கு ஹாலைக் காட்டினார். அவர் அங்கிருந்து கட்டை விரலை உயர்த்தினார். மறுநாள் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள், சரியான நேரத்தில் முடித்துவிட்டீர்கள் மேடம் என்றார்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. மின்விசிறி முன்னைவிட மெதுவாகச் சுற்றியது. ஃப்ரிட்ஜின் உறுமல் கனத்திருந்தது. வயரிங்காரர் வேறு வீட்டு வேலை இருக்கிறதென்று கிளம்பினார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று மருமகள் நெய்ச்சோறு வைத்தார். சாப்பிட்டு முடித்து, செருப்பில்லாமல் கொல்லைக்குப் போனேன். அசர் தொழுகைக்கு ஒளு எடுக்க அந்த உம்மாவும் வந்து நின்றிருந்தார். கை, முகம், கால் கழுவித் தொழுகைக்குத் தயாராவது அது. பலகையைக் காலால் ஓரம் தள்ளினார், அதில் நின்றால் பாதம் சரியாக நனையாது என்று. விருந்தாளி முதலில் கழுவட்டும் என்று எனக்கு இடம் விட்டார்.

ஈரத் தளத்தில் நின்று குழாயின் திருகைத் தொட்டேன். விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை ஏதோ நெளிந்து ஏறியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பரிவாகத்தான் கேட்டார்:

"உங்களுக்கும் சக்கரையாம்மா?"

அவரே சொல்லிக்கொண்டு போனார். கோடை வந்தால் கையும் காலும் சுர்ரென்று இழுக்குமாம். சர்க்கரை நரம்பைத் தின்கிறது என்று கும்பகோணத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறாராம். "ஆத்துல தண்ணி வந்து நாலு நாளு குளிர்ச்சியானா தேவலையாயிடும். அதுவரைக்கும் பொறுத்துக்கத்தான் வேணும்." சொல்லிக்கொண்டே குழாயை நோக்கிக் கையை நீட்டினார்.

தண்ணீர் வந்தால் சரியாகிவிடும். அந்த வீட்டு விளக்கைப் பற்றியும் அதையேதான் சொன்னார்கள்.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அப்படி நான் யாரையும் தொட்டதில்லை. குழாயைத் தொடாதீங்க என்று மட்டும் சொன்னேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் நகர்ந்து நின்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு மீட்டரை எடுத்து வந்தேன். ஒரு முனையைக் குழாயில் வைத்தேன். மறு முனையை அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஈரத் தளத்தில் பதித்தேன். நாற்பதைத் தாண்டியது. உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. எண் ஏறி எழுபதுக்கு மேல் நின்றது. மருமகளை ஹால் விளக்கை அணைக்கச் சொன்னேன். எண் பாதியாக விழுந்தது. மறுபடி போடச் சொன்னேன். ஏறியது. மெயினை நிறுத்தச் சொன்னேன். பூஜ்யம்.

ஹால் விளக்கு என்றால் என் டிரைவர்கள்.

மெயினை அணைத்தபடியே விட்டுவிட்டு, மீட்டர் பெட்டியிலிருந்து வயரைப் பின்தொடர்ந்தேன். ஒரு கறுப்பு வயர் சுவரோரமாகப் போய், கொல்லையில் இறங்கி, போர் பைப்பில் ஒரு கிளிப் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. கிளிப்பில் துரு ஏறியிருந்தது. புதிதாகக் கட்டியது இல்லை.

வயரிங்காரரைத் திரும்ப வரச் சொன்னோம். வந்தவர் எதையும் மறைக்கவில்லை. புயலில் தென்னை சாய்ந்து, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் நியூட்ரல் வயர் அறுந்துவிட்டது. வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. அப்போது ஊரே தண்ணீரில் கிடந்தது. நியூட்ரலுக்குப் பதில் போர் பைப்பில் கட்டிப் பார்த்தார், விளக்கு எரிந்தது. தற்காலிகம் என்றுதான் கட்டினார். நன்றாக எரிந்ததால் அதைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை, ஈ.பி.யிலும் சொல்லவில்லை.

"நம்ம களிமண்ணு மேடம். தண்ணி நின்ன மண்ணு. செப்புக் கம்பி தோத்துப் போவும்" என்றார், கொஞ்சம் பெருமையாக.

மண்ணில் தண்ணீர் இருக்கும் வரை அவர் சொன்னது சரி. ஈரக் களிமண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். நிலம் வெடிக்கும்போது வாங்காது. அது பைப்பிலேயே தேங்கி நிற்கும். பைப்பையும் ஈரத் தரையையும் ஒருசேரத் தொடுகிறவர் வழியாகப் போகப் பார்க்கும். மற்றவர்கள் பலகையில் நின்றார்கள்; தினம் ஐந்து வேளை, நனைந்த வெறுங்காலோடு, அந்த வீட்டில் அப்படித் தொட்டவர் அந்த உம்மா ஒருவர்தான். அவர் வீட்டில் இருந்த ஒரே எச்சரிக்கை கூரையில் மங்கிய விளக்கு. அதை நான் சரிசெய்துவிட்டிருந்தேன். அதோடு, மண் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு அதிகமாக என் டிரைவர்கள் கரண்ட்டை இழுத்துப் பைப்புக்கு அனுப்பும்.

கசிவு இருந்தால் விழ வேண்டிய டிரிப்பர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடிக்கடி விழுந்து தொந்தரவு கொடுத்ததால் அதில் நுழையாமல் வயரை டைரக்டாகக் கொடுத்துவிட்டேன் என்றார்.

மகனைப் போனில் பிடித்தோம். அவருக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

"லைட்டு சரியாயிடுச்சுல்ல மேடம்? ரெண்டு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆவல. நாளைக்கு ஆளுங்க வந்து போகட்டும், அப்புறம் பாத்துக்குவோம்."

நான் வோல்டேஜ் எண்ணைச் சொன்னேன். குழாய்க்கும் உங்க உம்மா நிற்கிற இடத்துக்கும் நடுவில் அளந்தது என்றேன். நாளைக்கு விருந்தாளிகள் வந்து ஃப்ரிட்ஜும் கிரைண்டரும் நாற்பது விளக்கும் ஒன்றாக ஓடும்போது அவங்க ஒளு எடுக்கப் போவாங்க என்றேன்.

பிறகு வேறு குரலில் பேசினார்.

"இங்க வேலையில மெயினுக்குப் பூட்டுப் போட்டு, சாவிய எங்க பாக்கெட்ல வெச்சுக்கிட்டாத்தான் ஒரு ஸ்க்ரூவைத் தொட விடுவாங்க. உம்மாட்ட குடுங்க."

அவர்கள் பேசியதை நான் கேட்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த உம்மா வயரிங்காரரைத்தான் பார்த்தார்.

"மெயினு நிக்கட்டும். விசிறி இல்லாம ஒரு நாளு இருந்தா செத்துப் போயிட மாட்டோம். இருந்தாத்தான் செத்துப் போவோம்போல."

வயரிங்காரர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பு வயரைப் பைப்பிலிருந்து கழற்றி, முனையைச் சுற்றி ஒட்டினார். ஆனாலும் விருந்து நெருங்கும்போது யாராவது மறுபடி கட்டிவிடுவார்கள் என்று எனக்குப் பயமாக இருந்தது. மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த உம்மா கையை நீட்டி வாங்கினார். முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று மாலை தொழுகைக்குப் பிளாஸ்டிக் வாளியில் பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் வந்தது.

ஈ.பி. ஆபீஸுக்கு மருமகளோடு நானும் போய் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் பிடித்திருந்த கம்பியைத் தொட எனக்குத் தயக்கமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி, புது நியூட்ரல் இழுத்துக் கட்டிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் வெளிச்சத்திலேயே வந்து போனார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை. வயரிங்காரர் புது டிரிப்பரைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் முதலில் பிளக்கில் அளந்தேன். இருநூற்று இருபத்தைந்து. ஆற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை, போர்செட்டுகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. என் பழைய டிரைவர்களே இந்த வீட்டில் மங்காமல் எரிந்திருக்கும். பிறகு குழாயில் அளந்தேன். எல்லா விளக்கையும் போட்டு, ஃப்ரிட்ஜையும் ஓடவிட்டு அளந்தேன். பூஜ்யம்தான்.

அந்த உம்மா தளத்தில் வெறுங்காலோடு நின்று, குழாயை ஒரு விரலால் தொட்டார். பிறகு முழுக் கையால் பிடித்தார். தண்ணீரைத் திறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டு வருஷமா தின்ன மாத்திரை?"

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள், அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்றேன். அவர் காலை ஒருமுறை உதறிப் பார்த்தார். "பெருவெரல்ல கொஞ்சம் இருக்குதான். அது நெசமான சக்கரை" என்றார். மருமகள் சத்தமாகச் சிரித்தார். அங்கே எல்லோருக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் கேட்டது. மீதி ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். செத்த வெள்ளாடு நினைவுக்கு வந்தது. அது செத்தது இந்தக் கொல்லையில் இல்லை, மதிலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பைப்பிலிருந்து மின்சாரம் அவ்வளவு தூரத்துக்குப் போய் ஆட்டைக் கொல்ல வாய்ப்பில்லை.

வயரிங்காரரிடம் போனேன். அந்தப் புயலில் இந்த வீட்டுக்கு மட்டுமா கட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"இங்க எரியிறதப் பாத்துட்டு எல்லாரும் கூப்பிட்டாங்க, மேடம்."

எந்தெந்த வீடு என்று அவருக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவர் கட்டியதைப் பார்த்துத் தாங்களே கட்டிக்கொண்டவர்களும் உண்டாம்.

வாசலுக்கு வந்தேன். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியிருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்காவது ஒன்று மங்குகிறதா என்று பார்த்தபடி தெருக்கோடி வரை நடந்தேன். ஒன்றும் மங்கவில்லை. எல்லாம் வெளியூரிலிருந்து வந்த புது விளக்குகள். அவற்றுக்குள் இருப்பவையும் நான் வரைந்ததைப் போல எதையும் கண்டுகொள்ளாதவை. வெள்ளை வெளேரென்று, அசையாமல் எரிந்தன. எந்த வீட்டில் நியூட்ரல் கம்பத்துக்குப் போகிறது, எந்த வீட்டில் கொல்லைக்குப் போகிறது என்று அந்த வெளிச்சத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இப்போதும் யாராலும் முடியாது.

பக்கத்து வீட்டு வாசலில் அந்த அம்மா நின்றிருந்தார். உங்க வீட்டு லைட்டில் ஏதாவது குறை இருக்கா என்று கேட்டேன்.

"எங்க வீட்ல மங்கவே மங்காதுங்க. மவன் சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தது" என்றார்.

கொல்லைப்பக்கம் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். எதற்கென்று கேட்காமலே முன்னால் நடந்தார். பழக்கத்தில் நான் வாசல்படியில் செருப்பைக் கழற்றப் போனேன். அவர் திரும்பிப் பார்த்து, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்:

"செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க. வெயில் நாள்ல எங்க கொல்லையில தரை சுர்ருங்கும்."